கோலா உருண்டையில் ஒரு துண்டு ஈயம்

‘கடக்’ என்று சத்தம் கேட்டது. அம்மாதான் முகத்தைச் சுளித்தாள்.

“எலும்பு கிடக்குடி. பாத்து அரைக்க மாட்டியா?” என்றபடி வாயிலிருந்து எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள்.

அது எலும்பு இல்லை. அரிசி நொய் அளவில், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. நகத்தால் அழுத்தினேன், கீறல் விழுந்தது. பக்கத்தில் கிடந்த கடைச் சீட்டின் பின்புறம் தேய்த்துப் பார்த்தேன். பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு விழுந்தது.

அடுத்த நாற்காலியில் என் நான்கு வயது மகள் மூன்றாவது கோலா உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கிவிட்டேன். வீடே அதிரும்படி அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற மலை நகரத்தில். நான் பிறந்து வளர்ந்தது சிவகங்கைப் பக்கம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார் ஒரு பெரியவர். மனைவி இறந்து பல வருடங்கள். நாங்கள் குடிவந்த முதல் பனிக்காலத்தில் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வாரிப்போட்டவர். என் மகள் அவரைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையும் அதுதான்.

வருடத்தில் ஒருமுறை, நவம்பர் மாதத்தில், வெள்ளைத் தாளில் சுற்றிய இறைச்சிப் பொட்டலங்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவார். மான் கறி. அதிலும் பாதி கொத்துக்கறியாகவே வரும். கோலா உருண்டைக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்!

முதல்முறை இங்கே வந்திருந்த அம்மா, பொட்டலத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள். “மான் கறியா? ஜெயில்ல தூக்கிப் போட்ருவாங்கடி!”

அம்மா சொன்னதில் தப்பில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை பெரிய குற்றம். இங்கே வேறு கதை. எந்த மலையில் எத்தனை மான் சுடலாம் என்று வருடாவருடம் அரசுத் துறை கணக்குப் போடும். உரிமத்துக்குக் குலுக்கல் நடக்கும். பெயர் விழுந்தால் ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு மான். சுட்டதை வீணாக்கினால் அதுவும் குற்றம். இதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு, “அப்ப மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடு” என்றாள்.

அந்தச் சாம்பல் துண்டைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று பொறி தட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அம்மாவை மார்பிள் கேன்யன் பக்கம் அழைத்துப் போயிருந்தோம். கொலராடோ ஆற்றின் மேலே நவஹோ பாலம். பாலத்தின் இரும்புச் சட்டத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பிரம்மாண்டமான பறவை உட்கார்ந்திருந்தது. கலிஃபோர்னியா காண்டார். இறக்கையை விரித்தால் ஒன்பதரை அடி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஜடாயுவே நேர்ல வந்த மாதிரி இருக்கு!”

அந்த ஜடாயுவின் இறக்கையில் ஓர் எண் வில்லை தொங்கியது. ஏன் என்று அங்கிருந்த தன்னார்வலரிடம் கேட்டேன். 1982-இல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தான் மிச்சம் இருந்தனவாம். 1987-இல் கடைசிப் பறவை வரை பிடித்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 1996-இல் இந்தப் பக்கத்துச் செங்குன்றுகளிலிருந்து மறுபடி பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லாத குறையாகக் கண்காணிக்கிறார்கள்.

“இப்போது இவற்றை அதிகம் கொல்வது எது தெரியுமா? ஈயம்” என்றார் அவர். வேட்டைக்காரர் மானைச் சுட்டு, குடலை அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டுக் கறியைக் கொண்டுபோவார். குண்டிலிருந்து சிதறிய ஈயத் துகள்கள் அந்தக் குடலில் இருக்கும். அதைத் தின்னும் காண்டாருக்கு விஷம் ஏறும்.

நம் ஊர்ப் பாறுக் கழுகுகளின் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல்தான் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் பறவைகள் செத்தன.

பாலத்தில் இதையெல்லாம் கேட்டு ‘உச்’ கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அதே குண்டு, அதே மான், என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பது அப்போது உறைக்கவே இல்லை.

“ஈயம்னா நம்ம ரசச் சொம்புதானே? அதுக்கா இவ்வளவு பயம்?” என்று அம்மா கேட்டாள். “அது வெள்ளீயம்மா. இது காரீயம், விஷம்” என்றேன்.

மறுநாளே மகளுக்கு ரத்தப் பரிசோதனை. இந்தியக் குடும்பம் என்றதும் டாக்டர் வரிசையாகக் கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்தூள் உண்டா, குங்குமம், கண் மை, பித்தளைப் பாத்திரம், வீட்டில் பழைய பெயின்ட்? மான் கறியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். முடிவு வந்தது. கவலைப்படும் அளவு இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ‘இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்.

அந்தத் துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அன்போடு கொடுத்ததைக் குறை சொல்வது எவ்வளவு கஷ்டம்!

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். “எங்க அப்பா காலத்திலிருந்து இதைத்தான் சாப்பிடுறோம்” என்றார். பிறகு, “குழந்தை எப்படி இருக்கா?” என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தை வாதாடவில்லை.

உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். குண்டு பற்றிய முதல் பாடம் எனக்கு அன்றுதான்.

நாம் ‘தோட்டா’ என்று சொல்வது முழுவதும் குண்டு இல்லை. பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் மூடி, நுனியில் மட்டும் சுண்டுவிரல் முனை அளவுக்குக் குண்டு. பறப்பது அது ஒன்றுதான். அவருடைய ரைஃபிளின் குண்டு 180 கிரெய்ன், அதாவது 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்பு உறை.

மானுக்குள் நுழைந்ததும் அந்தக் குண்டு காளான் மாதிரி விரிய வேண்டும். விரிந்தால்தான் காயம் பெரிதாகி மான் சில நொடிகளில் விழும். ஈயம் மென்மையானது, சுலபமாக விரியும். ஆனால் கிட்டத்தில், வேகம் அதிகமாக இருக்கும்போது, விரிவதோடு நிற்காமல் சிதறும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயக் குண்டால் சுட்ட மான்களின் குடல் குவியல்கள் 20-ஐ எக்ஸ்-ரே எடுத்தார்கள். 18-இல் ஈயத் துகள்கள். ஐந்து குவியல்களில் தலா 200-க்கும் மேல். கொத்துக்கறி அரைக்கும்போது அவை இன்னும் நன்றாகப் பரவும். நான் கோலா உருண்டை பிடித்தது அந்தக் கறியில்.

இன்னொரு வகை முழுக்கச் செம்பிலேயே செய்தது. நுனியில் ஒரு குழி இருக்கும். மானுக்குள் போனதும் நான்கு இதழாக விரியும், அநேகமாகச் சிதறாது. காண்டார் வாழும் பகுதியில் வேட்டைச் சீட்டு விழுந்தவர்களுக்கு, ஈயமில்லாத தோட்டா வாங்க 2005-இலிருந்து அரிசோனா வனவிலங்குத் துறை இலவசக் கூப்பனே அனுப்புகிறது. கட்டாயம் இல்லை. ஆனாலும் பத்தில் எட்டு வேட்டைக்காரர்களுக்கு மேல் ஒத்துழைக்கிறார்கள். பெரியவருக்கு வந்த கூப்பன் மேஜை டிராயரில் பழைய மின்கட்டண ரசீதுகளோடு கிடந்தது.

“இனிமேல் செம்புதான்” என்றார். நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் மகளின் அளவும் குறைந்திருந்தது. இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் குலுக்கலில் அவருக்குக் கைபாப் விழுந்தது. கிராண்ட் கேன்யனின் வடக்கே இருக்கும் பீடபூமி அது. கைபாப் என்றால் பையூட் பழங்குடியினர் மொழியில் ‘படுத்திருக்கும் மலை’ என்று அர்த்தம். பெரிய காதுள்ள மியூல் மான்களுக்குப் பேர்போன இடம். அந்த முறை அவருடைய மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. முட்டி வலியோடு இருக்கும் எழுபது வயதுக்காரரைத் தனியாக அனுப்ப மனமில்லை. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் கூடப் போனோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஒரு பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் பெரிய கொம்போடு ஒரு கிடா. தூரம் காட்டும் கருவியில் 600 கஜத்துக்கும் சற்று மேல். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மகன் பரிசளித்த புதிய ஸ்கோப் அவர் ரைஃபிளில் இருந்தது. தூரத்துக்கு ஏற்பத் திருகி வைத்தால் போதும், குறி தானாக உயர்ந்துகொள்ளும். திருகினார். மூச்சை அடக்கினார். சுட்டார்.

மான் முதுகை வளைத்துக் குலுங்கியது. பட்டுவிட்டது. ஆனால் விழவில்லை. நிதானமாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

பள்ளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். டார்ச் வெளிச்சத்தில் ரத்தத் துளிகளைத் தேடினோம். துளி கிடைத்த இடமெல்லாம் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கிளையில் சொருகினோம். பத்து கஜத்துக்கு ஒரு துளி, பிறகு இருபது கஜத்துக்கு ஒன்று, பிறகு எதுவுமே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை.

காலையில் காக்கைக் கூட்டம்தான் வழி காட்டியது. ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. கொயோட்டிகள் பாதியைத் தின்றிருந்தன, மீதிக் கறியும் கெட்டுவிட்டது. பெரியவர் மண்டியிட்டு விலாவைத் தடவிப் பார்த்தார். குண்டு நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவு, பென்சில் கனம். குண்டு விரியவே இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

திரும்பும்போது காரில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “ஈயமா இருந்திருந்தா அங்கேயே விழுந்திருக்கும்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் மாற்றியது என் மகளுக்காக. நான் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டியதற்காக. அந்த மான் இரவெல்லாம் கிடந்து செத்தது என்னால்தானா?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒன்று அப்பா காலத்து ஈயம். இரண்டாவது, ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய வகை. குறைவாகச் சிதறும், வேகம் குறைந்தாலும் விரியும், ஆனால் ஈயம் ஈயம்தான். மூன்றாவது செம்பு. “நீயே சொல்லு” என்றார்.

அன்றுதான் பெட்டியின் பின்பக்கத்து அட்டவணையைப் படித்தேன். துப்பாக்கி வாயை விட்டுக் கிளம்பும்போது குண்டின் வேகம் விநாடிக்கு 2,700 அடி. காற்று அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். 400 கஜத்தில் சுமார் 2,000. 500 கஜத்தில் அதற்கும் கீழே. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது. ஒழுங்காக விரிய 1,800-லிருந்து 2,000 அடி வேகமாவது வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. கைபாப் மலைக்காற்று மெல்லியது, வேகம் கொஞ்சம் மிஞ்சும். இருந்தாலும் 600 கஜத்தில் அந்தக் குண்டு விளிம்பில் நின்றிருக்கிறது.

வேகம் மட்டும்தானா? அந்தத் தூரத்தில் குண்டு ஆறடிக்கு மேல் தாழ்ந்து போகும். மணிக்கு பத்து மைல் காற்று குறுக்கே அடித்தால் இரண்டு அடிக்கு மேல் ஒதுங்கும். போய்ச் சேர முக்கால் விநாடிக்கு மேல். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தாலே போதும். மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்க வேண்டிய இடமோ ஒரு டிபன் தட்டு அகலம்தான்.

கிட்டத்தில் சுட்டால் ஈயம் சிதறும். தூரத்தில் சுட்டால் செம்பு விரியாது. இரண்டும் பெட்டியிலேயே எழுதாத குறை.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்ததை அரைகுறையாகப் புரிந்துகொண்ட அம்மா, காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏன் அவ்ளோ தூரத்துல இருந்து சுடணும்? கிட்டப் போனா என்ன?”

மொழிபெயர்த்தேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். “இதனாலதான். அந்தப் பள்ளத்தை இறங்கி ஏற என்னால முடியாது. முன்னேயெல்லாம் 200 கஜத்துக்குப் போகாம நான் சுட்டதே இல்லை. புது ஸ்கோப் வந்ததும், நடக்க வேண்டியதைத் திருகியே முடிச்சிடலாம்னு நினைச்சுட்டேன்.”

“முட்டி வலிச்சா வேட்டைக்கு எதுக்குப் போறார்?” என்றாள் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஈயமாக இருந்திருந்தால் அந்த மான் அங்கேயே விழுந்திருக்குமா? விழுந்திருக்கலாம். இன்றுவரை என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் குண்டின் மேல் பழி போடுவதை அன்றோடு இருவருமே விட்டுவிட்டோம். அது எந்தத் தூரத்துக்குச் செய்யப்பட்டதோ அந்தத் தூரத்துக்குள் நாங்கள் நிற்கவில்லை.

அவர் செம்புப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் பார்த்தால், ரைஃபிளின் மரக்கட்டையில், கன்னம் படும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளை டேப் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் ‘300’.

அடுத்த முறை சீட்டு விழுந்தபோது ஐந்து நாள் மலையில் இருந்தோம். நான்காம் நாள் ஒரு நல்ல கிடா, 440 கஜத்தில், அசையாமல் நின்றது. ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். ரைஃபிளை இறக்கிவிட்டார். பள்ளத்தைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் கிடா போய்விட்டது. அந்த வருடம் எங்கள் இரு வீட்டிலும் மான் கறி இல்லை. “கோழியில கோலா பண்ணு” என்றாள் அம்மா வீடியோ காலில்.

அதற்கடுத்த முறை, விடிந்த கொஞ்ச நேரத்தில், ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிடா. கொம்பு பெரிதில்லை. 190 கஜம். குண்டு பட்டு நாற்பது அடி நடப்பதற்குள் விழுந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் குண்டு கிடைத்தது. நான்கு இதழும் விரிந்து, செம்பருத்தி மாதிரி. குடலை வழக்கம்போல அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அதைத் தின்ன எது வந்தாலும் சரி என்று, முதல்முறையாகத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குண்டைக் கழுவி என் சமையலறைத் தராசில் வைத்தேன். 11 கிராமைத் தாண்டிக் காட்டியது. போனதில் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்திருந்தது. மகள் அதைக் கொலுவில் வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஓர் உயிரை எடுத்த பொருள், அழகாக இருக்கிறது என்பதற்காகப் படியில் ஏற்ற மனம் வரவில்லை. மசாலா டப்பாக்களுக்குப் பின்னால், அந்தப் பழைய சாம்பல் துண்டு இருந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

பெரியவர் இப்போது மலை ஏறுவதில்லை. ரைஃபிள் மகன் கைக்குப் போய்விட்டது. போன மாதம் அவர் வந்திருந்தார். இந்த ஆண்டு அவருக்குச் சீட்டு விழுந்திருக்கிறதாம். “எந்தக் குண்டு வாங்கலாம்?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு தூரம் நடப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். ரைஃபிளில் அந்த டேப் அழுக்கேறி, ஓரம் சுருண்டு, இன்னும் ஒட்டியிருந்தது. உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டித் தருகிறேன் என்று என் மகள் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார் தாத்தா.